மந்தியின் இரண்டு கன்னங்கள்

பலா மரங்கள் நிறைந்த ஒரு காட்டில், ஓடைக்கரைத் தட்டைப் பாறையின் மேல் ஒரு நரி சூதாட்டக் களம் நடத்தி வந்தது.

ஆட்டம் எளிதானதுதான். நரி சோழிகளைக் குலுக்கி உருட்டும். மல்லாந்து விழுபவை ஒற்றையா இரட்டையா என்று முன்பே சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு, வைத்த அளவுக்கு இன்னொரு பங்கு கிடைக்கும். ஆனால் எல்லாச் சோழிகளும் குப்புற விழுந்துவிட்டால், பாறையில் இருப்பதெல்லாம் நரிக்குத்தான். இன்னொரு வழக்கமும் இருந்தது. பாறையில் விழுந்த பண்டம் பந்தயப் பண்டம். அதை யாரும் திரும்பப் பொறுக்கக் கூடாது.

அந்தக் களத்துக்கு ஒரு மந்தி வருவதுண்டு. மந்தி என்றால் பெண் குரங்கு, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். அது வலது கன்னத்தில் பலாக்கொட்டைகளை அடக்கிக்கொண்டு வரும். அவற்றை வைத்து ஆடும். ஜெயித்ததை இடது கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வலது காலியானாலும் எழுந்துவிடும், இடது நிறைந்தாலும் எழுந்துவிடும். மழைக்காலத்துக்கென்று தான் தங்கும் பாறை இடுக்கில் சேர்த்து வைத்திருந்த கொட்டைகளை மட்டும் அது தொடவே தொடாது. மழை பிடித்துக்கொண்டால் காட்டில் தின்ன எதுவும் கிடைக்காது. அதன் குட்டியோ ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தது.

நரிக்கு இந்த மந்தியைக் கண்டாலே எரிச்சல். காட்டுப்பன்றியைப் போன்ற ஆளல்லவா அதற்கு வேண்டும்? விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்த பன்றி, தன் கிழங்குக் கொல்லையையே தோற்றுவிட்டது. இப்போது அதே கொல்லையில் நரிக்குக் கூலிவேலை பார்க்கிறது.

ஒரு நாள் மந்தி சொன்னதெல்லாம் பலித்தது. இடது கன்னம் புடைத்துக்கொண்டது. வழக்கம்போல் எழுந்தது.

"கிளம்பிவிட்டாயா மந்தியக்கா?" என்றது நரி. "இவ்வளவு நல்ல நேரத்தில் எழுந்து போகிறாயே. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிற தாயை இன்றுதான் பார்க்கிறேன்."

மந்திக்குச் சுருக்கென்றது. வாய் நிறையக் கொட்டை இருப்பதை மறந்து, "யார் பட்டினி போடுகிறார்கள்?" என்று சீறியது. இரண்டு கன்னத்துக் கொட்டைகளும் பொலபொலவென்று பாறையில் கொட்டின.

நரி மிகவும் மரியாதையாகக் களத்தின் வழக்கத்தை நினைவுபடுத்திவிட்டுச் சோழிகளைக் கையில் எடுத்தது. மந்தி ஒற்றை என்றது. சோழிகள் உருண்டன. அத்தனையும் குப்புற விழுந்தன.

"வருத்தப்படாதே அக்கா. இடுக்கில் வைத்திருக்கிறாயே, அதை எடுத்து வா. ஒரே உருட்டில் போனதெல்லாம் திரும்பிவிடும். நான் காத்திருக்கிறேன்" என்றது நரி.

மந்தி ஓடியது. அவமானத்தில் அதற்குக் கண்ணே தெரியவில்லை. இடுக்குக்குள் கையை விட்டு வலது கன்னத்தை நிரப்பியது, இடது கன்னத்தையும் நிரப்பியது. மிச்சத்தைக் கைகளில் அள்ளியது. இடுக்கில் வெறும் பாறைதான் மிஞ்சியது.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி சத்தம் கேட்டு விழித்துக்கொண்டது. "அம்மா, எல்லாவற்றையும் எங்கே எடுத்துப் போகிறாய்?" என்று கேட்டது.

மந்தியால் பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் கொட்டைகள் விழுந்துவிடும். குட்டி மறுபடியும் அதையே கேட்டது.

மந்தி குட்டியின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தது. காலியான இடுக்கைப் பார்த்தது. களத்தில் போனதெல்லாம் காலையில் கொண்டுபோன ஒரு கன்னக் கொட்டையும், அங்கேயே கிடைத்து அங்கேயே போனதும்தான். இந்த இடுக்கிலிருந்து நரிக்கு இன்னும் ஒரு கொட்டைகூடப் போகவில்லை. இதை நினைத்ததும் மந்திக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கேயும் இல்லை, கண்ணே" என்று அது வாயைத் திறந்து சொன்னது.

கொட்டைகள் இடுக்குக்குள்ளேயே விழுந்தன. கைகளில் இருந்தவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு, மந்தி குட்டியை மடியில் வாரிக்கொண்டு உட்கார்ந்தது.

ஓடைக்கரையில் நரி சோழிகளைக் குலுக்கிக்கொண்டே காத்திருந்தது. மழைதான் வந்தது.

நீதி: ஆட எடுத்துப் போனது தீர்ந்தால் எழுந்து வந்துவிடு, போனதை மீட்கப் போகிறவர் இருப்பதையும் இழப்பார்.