முற்றத்தில் நாலு குழி

மலையடிவாரத்தில் ஒரு கணக்குப் பள்ளி இருந்தது. அங்கே ஒரு வழக்கம். படித்து முடித்தவர் தம் ஊரில் பள்ளி வைக்க வேண்டுமானால், தாமே அமைத்த ஒரு கணக்குக் கோவையை முற்றத்தில் கல்லால் பரப்பிக் காட்ட வேண்டும். குரு அதன்மேல் நடந்து போனால் உத்தரவு. சுற்றிக்கொண்டு போனால் இன்னும் ஒரு வருஷம்.

குரு தேசிகவல்லிக்கு வயது முப்பது. சீடர் ஆவுடையப்பனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. போன வருஷம் குரு சுற்றிக்கொண்டு போயிருந்தார். ஆவுடையப்பனின் ஊரில் பள்ளிக்குக் கூரை போட்டுவிட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.

இந்த முறை ஆவுடையப்பன் பெரிய சதுரக் கற்பாளம் ஒன்றைக் கிடத்தினார். அதன் பக்கம்தான் தெரியாத எண். பாளத்தின் நீளத்துக்கு, சாண் அகலத்தில் ஆறு பட்டைகள். கடைசியில் சாண் சதுரமாக ஐந்து சிறு கற்கள். பட்டைகளை எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கினார்.

குரு வந்து பார்த்தார்.

"வாயால் சொல்லுங்கள், அண்ணாச்சி."

"தெரியாத எண்ணின் வர்க்கம். அதோடு அந்த எண்ணின் ஆறு மடங்கு. மேலே ஐந்து."

"இதன் மதிப்பு எவ்வளவு கீழே இறங்கும்?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

"பெற்றவருக்கே பிள்ளையின் குணம் தெரியவில்லையே. சாயங்காலம் வருகிறேன். இதைச் சதுரமாக்கி வையுங்கள்."

குரு போனதும் ஆவுடையப்பன் உட்கார்ந்து யோசித்தார். பிறகு பட்டைகளைப் பிரித்து வலப்பக்கம் மூன்று, கீழே மூன்று என்று வைத்தார். சதுரம் வந்துவிட்டது, ஒரு மூலை தவிர. அந்த மூலைக்கு ஒன்பது கல் வேண்டும். கையில் ஐந்துதான் இருந்தது.

முற்றத்தின் ஓரம், சமையலறை வாசலில் பாவியிருந்த தளக்கல்லும் அதே அளவுதான். நாலைப் பெயர்த்து வந்து மூலையை அடைத்தார். சதுரம் கச்சிதமாக அமர்ந்தது. குழிகளின்மேல் ஒரு கோணியை விரித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

சாயங்காலம் மோர்ப் பானையோடு வந்த பொற்கொடி, கோணியில் கால் வைத்துத் தடுமாறினாள். அவளும் அங்கே படிப்பவள்தான்.

"யாரையா தரையில் பல்லைப் பிடுங்கியது?"

"மெல்லப் பேசு, தாயே. குரு வருகிறார்."

குரு சதுரத்தைச் சுற்றி வந்தார். "அழகாக இருக்கிறது. யாருடைய கோவை?"

"என்னுடையதுதான்."

"உங்களுடையதில் ஐந்து என்றீர்கள். இங்கே ஒன்பது இருக்கிறதே."

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது. நாலு கல்லை எடுத்தால் மூலை ஓட்டையாகும். எடுக்காவிட்டால் கோவை தன்னுடையதில்லை. இன்னும் ஒரு வருஷமா? கூரை அதற்குள் மக்கிவிடும்.

அவர் கண் கோணிமேல் போனது. மெதுவாக நடந்து போய் அதை உருவிப் போட்டார்.

"இந்தக் குழிகளும் சேர்ந்ததுதான் அம்மா என் கோவை. தெரியாத எண்ணோடு மூன்றைக் கூட்டி, அதன் வர்க்கம். அதில் நாலு குறைவு."

"சரி. எவ்வளவு கீழே இறங்கும்?"

"சதுரம் சுருங்கலாம், இல்லாமலே போகலாம். அதற்குக் கீழே போகாது. அப்போது இந்த நாலு குழிதான் மிச்சம். கழித்தல் நாலு."

"எப்போது இல்லாமல் போகும்?"

"தெரியாத எண் கழித்தல் மூன்றாகும்போது."

இதைச் சொல்லும்போது அவர் தலையைச் சொறியவில்லை.

குரு செருப்பைக் கழற்றினார். முதலில் குழிகளில் இறங்கி ஏறினார். பிறகு சதுரத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை நடந்து போனார்.

ஆவுடையப்பன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமேலாவது குழியை மூடலாமா?" என்றாள் பொற்கொடி. "தினமும் பானை தூக்குகிறவள் நான்."

"மூடாதே," என்றார் குரு. "அண்ணாச்சியிடம் படித்த பிள்ளைகள் ஒருநாள் இங்கே வருவார்கள். முதலில் அவர்களுக்கு இதைத்தான் காட்டப்போகிறேன்."