இளவரசிக்கு ஒரு தனி ஆசான்

ஆற்றில் தண்ணீரும் மனிதர்களுக்கு நேரமும் நிறைய இருந்த அந்தக் காலத்திலே, ஆம்பல் நாட்டைக் கோவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். காலையில் ஒன்று நினைப்பார், மாலையில் வேறொன்று கேட்பார், அவ்வளவுதான்.

அவர் மகள் செங்கமலம் ஓட்டத்தில் கெட்டிக்காரி. சாயங்காலமானால் ஆற்று மணலில் ஊர்ப்பிள்ளைகளோடு ஓடிவிட்டு, பாவாடையெல்லாம் மண்ணோடு அரண்மனைக்குத் திரும்புவாள். சபையில் இருந்த திருமேனிநாதருக்கு அது பிடிக்கவில்லை. ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரி அறவாழியைக் கேட்கிறாரே என்று வேறு அவருக்கு வயிற்றெரிச்சல்.

"அரசே, தைத் திருவிழாப் பந்தயத்துக்கு அயல்நாட்டு இளவரசிகள் வருகிறார்கள். நம் இளவரசிக்கென்று தனியாக ஓர் ஆசான் வேண்டாமா? வச்சிரபாகு என்பவர் இருக்கிறார். அரண்மனை முற்றத்திலேயே பழக்கட்டும்" என்றார்.

"ஆசான் வரட்டும். குழந்தையை மணலிலிருந்து பிரிக்க வேண்டாம்" என்றார் மந்திரி. ராஜா கேட்கவில்லை.

வச்சிரபாகு வித்தை தெரிந்தவர். கால் வைக்கும் விதம், மூச்சு விடும் விதம் எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் செங்கமலத்தின் ஓட்டம் நாளுக்கு நாள் மந்தமானது. சாப்பாடும் குறைந்தது.

"யாரைத் துரத்தி ஓடுவதென்றே தெரியவில்லை அப்பா" என்றாள்.

"பயிற்சி போதவில்லை அரசே. காலையிலும் ஓடட்டும்" என்றார் திருமேனிநாதர்.

ராஜா தலையாட்டப் போனார். அதற்குள் மந்திரி எழுந்து வந்து, ராஜாவின் தலைப்பாகையை உருவிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்.

"ராஜத் துரோகம், பிடியுங்கள் அவரை" என்றார் திருமேனிநாதர். காவலர்கள் அசைவதற்குள் ராஜாவே சிம்மாசனத்திலிருந்து இறங்கி ஓடிவிட்டார். கடைத்தெரு, தோப்பு என்று துரத்தி, ஆற்று மணலில் மந்திரியின் மேல்துண்டைப் பிடித்து இழுத்தார். இருவரும் விழுந்தார்கள்.

"உமக்கென்ன பைத்தியமா?"

"அரசே, இந்த வயதில் இப்படி ஓட உங்களுக்கு எந்த ஆசான் கற்றுக்கொடுத்தார்?"

ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. சின்ன வயதில் இதே மணலில், இதே அறவாழி அவர் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதும், இருட்டும்வரை துரத்தியதும், ஈரத்துணியோடு போய்த் திட்டு வாங்கியதும் நினைவுக்கு வந்தன. அன்று கூட ஓடியவர்களில் சிலர் இன்று இல்லை. வெகுநேரம் மணலை அளைந்துகொண்டிருந்தார்.

"ஆசானை அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டார்.

"எதற்கு? அவர் சொல்வதெல்லாம் சரிதான். முற்றத்தில் சொல்வதை இங்கே வந்து சொல்லட்டும்."

மறுநாளிலிருந்து வச்சிரபாகு மணலுக்கு வந்தார். கேட்ட பிள்ளைக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ராஜா தம் தலைப்பாகையை மந்திரிக்கே பரிசாகக் கொடுத்தார். திருமேனிநாதருக்கு ஒரு வேலை கிடைத்தது: தினமும் சாயங்காலம் அவர் முன்னால் ஓட வேண்டும், பிள்ளைகள் துரத்துவார்கள்.

திருவிழாப் பந்தயத்தில், மணலில் கூட ஓடும் படகோட்டி மகள் காத்தாயி முதலில் வந்தாள். செங்கமலம் அவள் தோளை ஒட்டி இரண்டாவது. அயல்நாட்டு இளவரசிகள் வெகுதூரம் பின்னால். தோற்ற மகள் காத்தாயியைக் கட்டிக்கொண்டு சிரிப்பதை ராஜா பார்த்துக்கொண்டே இருந்தார்.

திருமேனிநாதர் மெல்லக் குனிந்தார். "அரசே, தனியாகவே ஓடப் பழக்கியிருந்தால் இளவரசி முதலில் வந்திருப்பார்."

"வந்திருப்பாள்" என்றார் ராஜா. "தனியாக ஓடினால் யார்தான் ஐயா முதலில் வரமாட்டார்கள்?"