வெள்ளத்துரையின் வீக்கம்

வெள்ளத்துரைக்கு வந்தது எங்கோ ஒருவருக்கு வரும் புற்றுநோய். இடது விதைக்கொட்டையில் வந்தது. பேராசிரியர் திலகவதி அதை அறுத்து எடுத்தபோது உடன் நின்றவன் யூசுப், அவரிடம் அறுவை சிகிச்சை படிக்கும் டாக்டர். அந்த நோயைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் தேடிப் படித்தான். திரும்பி வரக்கூடியது என்றுதான் எல்லாவற்றிலும் இருந்தது.

ஒரு வருஷம் கழித்து வெள்ளத்துரை வந்து நின்றார். எடுத்த பக்கத்திலேயே எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

"திரும்ப வந்துட்டு டாக்டரே. புது வீட்டு வேலைய நிறுத்திட்டேன். செவரு நிக்கி. இனி கூரை எதுக்கு?"

யூசுப் தொட்டுப் பார்த்தான். அவனுக்கும் அப்படித்தான் பட்டது. திலகவதியிடம் போனான்.

"மேடம், இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"கூட யார் வந்திருக்கா?"

"அவர் வீட்டம்மா. வெளியே உக்காந்திருக்காங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்ங்கிறார்."

திலகவதி உள்ளே வந்து வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெள்ளத்துரையிடம் கேட்டார். "அவங்களையும் கூப்பிடட்டுமா?"

அவர் தரையைப் பார்த்தபடி சரியென்று தலையாட்டினார்.

பேச்சியம்மாள் வந்து கணவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். திலகவதி ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைக்கச் சொன்னார். வீக்கத்துக்குப் பின்னால் டார்ச்சை வைத்து அழுத்தினார்.

இருட்டில் அது செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது.

"கட்டின்னா வெளிச்சம் இப்படி ஊடுருவாது. தண்ணி மாதிரி தெரியுது. ஸ்கேன் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்."

"ஆத்தீ! கோயில் கொடைக்கு சீரியல் லைட்டு போட்டாப்புலல்லா எரியுது!" என்றாள் பேச்சியம்மாள். முதலில் சிரித்தவர் வெள்ளத்துரைதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

ஸ்கேனிலும் வெறும் நீர்தான், எடுத்த இடத்தில் தேங்கியது. ரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை.

"அப்போ கூரைக்கு கான்கிரீட் போட்டுறலாமா, டாக்டரம்மா?" என்றார் வெள்ளத்துரை.

"போடுங்க. பால்காய்ப்புக்கு எங்களையும் கூப்பிடுங்க."

"தண்ணிக்கா மூஞ்சியத் தூக்கிட்டு அலைஞ்சீரு?" என்று பேச்சியம்மாள் வராந்தா முழுக்கத் திட்டிக்கொண்டே போனாள். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்.

யூசுப்பும் சிரித்துக்கொண்டுதான் நின்றான். ஆனால் ஒன்று மனதில் உறுத்தியது.

"மேடம், வெளிச்சம் தெரியாமப் போயிருந்தா?"

திலகவதி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பவும் அந்தம்மா அவர் தோளைப் பிடிச்சிட்டுத்தான் நின்னிருப்பாங்க."