எழுபத்தொன்றாம் பக்கத்தின் அடியில்

பிலோமினாளுக்கு அநீதி நடந்தது. அவளுடைய அம்மா முப்பது வருடம் கருவாடு காயவைத்த களத்தை, அம்மா இறந்த மூன்றாம் மாதமே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கல்யாணமான மகள் குடும்பத்தில் சேர்த்தி இல்லையாம். அப்படிச் சொன்னது யார்? அமைச்சர் இல்லை, கலெக்டர் இல்லை. கடற்கரைக் கள விதிகள் என்ற புத்தகத்தில், எழுபத்தொன்றாம் பக்கத்தின் அடியில், கொசு அளவு எழுத்தில் இருந்த ஒரு வரி.

அந்த வரியை எழுதியவர் வரதராஜுலு. இருபத்தாறு வருடம் வக்கீலாக இருந்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதில், சட்டம் எழுதும் அலுவலகத்துக்கு அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொடுத்தவள் உமையாள். வயது முப்பத்துநாலு. "இந்த வயசுல ஒரு பொண்ணுகிட்ட பாடமா ஓய்?" என்று கோர்ட்டு கேன்டீனில் சிரித்தார்கள். வரதராஜுலுவும் கூடவே சிரித்தார். ஆனாலும் வந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உமையாளின் நூலக அறையில் நாற்காலி கிடையாது. அடிக்குறிப்பை அங்கே நின்றுகொண்டுதான் எழுத வேண்டும். எந்தச் சட்டத்தைக் குறிக்கிறோமோ அதை அலமாரியிலிருந்து இறக்கி, விரித்து, பிரிவைக் கண்ணால் பார்த்து, அங்கேயே எழுத வேண்டும். அவள் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

வரதராஜுலுவுக்கு மூட்டுவலி. விதிகளைப் புதிதாக எழுதச் சொன்னபோது, பழைய பதிப்பை மேசையில் விரித்தார். அதிலிருந்த அறுபத்திரண்டு அடிக்குறிப்புகளையும் உட்கார்ந்தபடியே ஒரே மத்தியானத்தில் பார்த்து எழுதி முடித்தார்.

"எல்லாச் சட்டத்தையும் திறந்து பார்த்தீங்களா சார்?" என்று கேட்டாள் உமையாள்.

"பார்த்தேன் மேடம்."

புத்தகம் அச்சுக்குப் போனது. ஒரு வருடம் போனது.

ஒரு புதன்கிழமை காலை பிலோமினாள் அந்த அலுவலகத்துக்கே வந்து நின்றாள். கையில் எழுபத்தொன்றாம் பக்கத்தின் ஜெராக்ஸ்.

"இதை எழுதுனது யாரு?"

"உட்காருங்கம்மா" என்றார் வரதராஜுலு.

"உட்கார வரல. வெள்ளிக்கிழமை காலையில எங்க களத்துல வேற ஆளை இறக்குறாங்க. நான் இப்ப ரோட்டோரத்துல காயப்போடுறேன். லாரி போனா மீனு மேல மண்ணு. யாராச்சும் ஒரு பதில் சொல்லுங்க."

உமையாள் வாங்கிப் படித்தாள். 'உரிமம் பெற்றவர் இறந்தால், சட்டத்தில் கண்ட குடும்பத்தாருக்குக் களம் சேரும்' என்றது விதி. எந்தச் சட்டம் என்பதை அடிக்குறிப்பு சொன்னது. பெயர், வருடம், பிரிவு பதினொன்று. அவள் நூலகத்துக்குள் போனாள். இரண்டு புத்தகங்களோடு திரும்பி வந்தாள்.

"சார், இந்தச் சட்டம் ரத்தாகிப் பதினெட்டு வருஷமாச்சு. இதுலதான் 'மணமாகாத மகள்'னு இருக்கு. இதுக்குப் பதிலா வந்த சட்டத்துல மகன், மகள். அவ்வளவுதான். கல்யாணத்தைப் பத்திப் பேச்சே இல்லை."

வரதராஜுலுவின் முகம் சுருங்கியது. ஒரு நிமிடம்தான். அதற்குள் அவருக்குள் இருந்த வக்கீல் எழுந்துவிட்டார்.

"மேடம், விதி என்ன சொல்லுது? 'சட்டத்தில் கண்ட'. சட்டம்னா இன்னைக்கு நடப்புல இருக்கிற சட்டம். அடிக்குறிப்பு விதியோட பகுதியே இல்லை. படிக்கிறவங்க வசதிக்காகப் போடறது. எந்த ஜட்ஜா இருந்தாலும் அதை ஓரமாத் தள்ளிடுவார். இந்தம்மா கேஸ் போட்டா ஜெயிக்கிறது நிச்சயம். மனுவை நானே எழுதித் தரேன், போதுமா?"

"எத்தனை நாளு ஆகும்யா?"

"ரெண்டு வருஷம். மிஞ்சிப்போனா மூணு."

"பிடிச்ச மீனு ஒரு நாளைக்குத் தாங்காது. நீங்க மூணு வருஷம்கிறீங்க."

வரதராஜுலு உமையாள் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க மேடம். அடிக்குறிப்பு சட்டமா, இல்லையா? இல்லேன்னா நான் பண்ணின தப்பு என்ன?"

உமையாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கிளம்புங்க சார். நீங்க எழுதினது ஒரு ஆளை எங்கே கொண்டுபோய் விட்டுச்சுன்னு பார்த்துட்டு வருவோம்."

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வழி முழுக்க வரதராஜுலு வாதாடினார். மூன்று தீர்ப்புகளை மனப்பாடமாகச் சொன்னார். முன் சீட்டில் இருந்த பிலோமினாள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவும் தெரிஞ்சவரா அந்த ஒத்தை வரியை எழுதுனீங்க?"



மீன்வளத் துறை அலுவலகத்தில் குமாஸ்தா கருணாகரன் இருந்தார். சட்டம் எழுதும் இடத்திலிருந்து வருகிறோம் என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காருங்க" என்றாள் உமையாள். "குடும்பத்தார்னா யாருன்னு நீங்க எப்படிப் பார்த்தீங்க? எங்களுக்குக் காட்டுங்க."

அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். பிறகு இரும்பு பீரோவைத் திறந்து, நூல் போட்டுக் கட்டிய ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். அது இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அட்டை கசங்காமல், புதுச் சட்டம் இருந்தது.

வரதராஜுலு பாய்ந்தார். "புதுச் சட்டம் இங்கேயே இருக்கே! இதைப் பார்க்கக் கூடாதாய்யா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்தீரா?"

"மகள்னு மட்டும்தான் போட்டிருந்துச்சு. இந்தம்மாவுக்கே குடுத்திரலாம்னுதான் எனக்கும் தோணுச்சு."

"பின்னே ஏன் குடுக்கலை?"

"நீங்க கீழே பேர் போட்டு, வருஷம் போட்டு, பிரிவு நம்பரும் போட்டிருக்கீங்களே சார். சட்டம் எழுதுறவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போகுது? நான்தான் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு புதுசை மூடி உள்ளே வச்சிட்டேன்."

பிலோமினாள் கருணாகரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவி மனுசா. பதினஞ்சு நாளா உன்னையத்தானே திட்டித் தீர்த்தேன்" என்றாள்.

"எனக்கும் காதுல விழுந்துச்சு" என்றார் கருணாகரன்.

திரும்பும் பஸ்ஸில் வரதராஜுலு தீர்ப்பு எதையும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பிழைதிருத்தம் எழுத உட்கார்ந்தார். அன்று நாலு மணிக்குள் கொடுத்தால் மாலை அரசிதழில் வந்துவிடும். பத்தே நிமிடத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். 'எழுபத்தொன்றாம் பக்கத்தில் நேர்ந்த அச்சுப்பிழை காரணமாக' என்று அது தொடங்கியது.

உமையாள் கோப்பிலிருந்து அவருடைய கைப்பிரதியை எடுத்து வைத்தாள்.

"அச்சகத்துல நீங்க எழுதினதை அப்படியே அடிச்சிருக்காங்க சார்."

"மேடம், இது ஒரு சம்பிரதாயம். எல்லாப் பிழைதிருத்தத்துலயும் அச்சுப்பிழைன்னுதான் போடுவாங்க. அச்சகத்துக்காரன் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டான். நேரம் வேற இல்லை. இப்படியே அனுப்பிடுவோம்."

"கருணாகரன் இதைப் படிப்பார். அச்சு கோத்தவர் கை ஒரு இடத்துல தவறிடுச்சு, மத்த அறுபத்தொண்ணும் சரிதான்னு நம்புவார்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த அறுபத்தொண்ணும் சரிதானா சார்?"

வரதராஜுலு கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் எதையுமே திறந்து பார்க்கலை மேடம்."

அப்போது மணி பதினொன்று.

இரண்டு பேரும் நூலகத்துக்குள் போனார்கள். அவர் இறக்கித் தந்தார், அவள் படித்தாள். பிறகு அவள் இறக்கினாள், அவர் படித்தார். சாப்பிடப் போகவில்லை. ஒரு தடவை அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை நீவினார். "வெளியில போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்க சார்" என்றாள். "உட்கார்ந்து எழுதினதுதான் இவ்வளவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தார். மூன்றே முக்காலுக்குள் அறுபத்தொன்றையும் பார்த்து முடித்தபோது, செத்த சட்டங்களைக் காட்டிய அடிக்குறிப்புகள் இன்னும் ஐந்து அகப்பட்டன. ஒன்று படகு உரிமம். ஒன்று விதவைகளுக்கான வலை பின்னும் கூடம். அந்த ஐந்துக்கும் யார் யார் எந்தெந்த அலுவலகத்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்களோ, யாருக்குத் தெரியும்?

வரதராஜுலு பிழைதிருத்தத்தைப் புதிதாக எழுதினார். 'கீழ்க்கண்ட ஆறு அடிக்குறிப்புகளும் மூலச் சட்டங்களைப் பார்க்காமல் எழுதப்பட்டவை' என்று தொடங்கி, அடியில் தன் பெயரைப் போட்டார். உமையாள் பேனாவை வாங்கி அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள்.

"உங்க பேர் எதுக்கு மேடம்? எழுதினது நான்தானே."

"நீங்க பார்த்தேன்னு சொன்னதும் நான் பார்க்காம விட்டுட்டேனே."

வெள்ளிக்கிழமை காலை களத்தில் புது ஆள் பாயும் தார்ப்பாயுமாக வந்து நின்றார். கருணாகரன் அரசிதழோடு வந்தார். உமையாளும் வரதராஜுலுவும் கூடவே வந்திருந்தார்கள். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஆறு திருத்தங்களையும் வாசித்தார். பிலோமினாளுடையது போதுமே என்று யாரோ சொன்னபோதும் நிறுத்தவில்லை. புது ஆள் முணுமுணுத்துக்கொண்டே பாயைச் சுருட்டினார்.

பிலோமினாள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? கூடையைக் கவிழ்த்து, நெத்திலியை விரல்களால் பரப்ப ஆரம்பித்தாள். வரதராஜுலு பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தள்ளி நில்லுங்கய்யா. மீனு மேல உங்க நிழலு."

அவர் தள்ளி நின்றார். பிறகு உமையாளிடம் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். எனக்கு இன்னும் மனசு அடங்கலை. புதன்கிழமை கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை. அடிக்குறிப்பு சட்டமா, இல்லையா?"

"இல்லை சார்" என்றாள் உமையாள். "சட்டம் வேணும்கிறவங்க கோர்ட்டுக்குப் போய் வாங்கிக்கலாம். போக முடியாதவங்களுக்கு, கருணாகரன் திறக்கிற பக்கம்தான் கோர்ட்டு."