எல்லை தாண்டிய எருமை

வெண்ணாவல் நாட்டு ராஜா, எல்லையைக் காக்கத் தளவாய் வீரபாகுவுக்கு அவசர அதிகாரம் கொடுத்தாலும் கொடுத்தார், மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. முந்நூறு சிப்பாய்களை ஆற்றங்கரை நெடுக நிறுத்தி, "அக்கரையிலிருந்து ஈ, எறும்பு வந்தாலும் உளவாளிதான்" என்று தண்டோரா போட்டார்.

முதலில் மாட்டியது செவத்தாளின் எருமை. அக்கரையில் மேய்ந்துவிட்டு நீந்தி வந்ததைச் சிப்பாய்கள் பாசறைக்கு இழுத்துப் போனார்கள். அதன் பாலை விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள்.

பாசறையைப் பார்வையிட ராஜாவே வந்திருந்தார். தளவாய் மார்தட்டினார். "மகாராஜா, எதிரியின் உளவாளியைப் பிடித்துவிட்டேன்! ஏ பொம்பளே, இது உளவாளி இல்லை என்று நிரூபி பார்க்கலாம். முடியாவிட்டால் இன்றைக்கே வெட்டிவிடுவோம்."

செவத்தாள் கும்பிட்டாள். "உளவாளியாவே இருக்கட்டும் சாமி. ஆனா நீங்க காவல் போட்ட இந்த நாப்பது நாளா தெனமும் பட்டப்பகல்ல இது போயிட்டு வருதுங்க. இம்மாம் பெரிய உருவம் முந்நூறு பேர் கண்ணுல படாம எப்படி வந்துச்சுன்னு மட்டும் மகாராசா கேட்டுச் சொல்லணும்."

ராஜா மெல்லத் திரும்பினார். "நாற்பது நாளா, தளவாய்?"

தளவாய் அவசரமாக எருமையின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "மகாராஜா, இது... இது வெறும் எருமைதான்! பரம சாது!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அவசர அதிகார ஓலையை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார். எருமையை வீடு வரை ஓட்டிக்கொண்டுபோய் விடும் வேலை தளவாய்க்கே கிடைத்தது.

"விரட்டாதீங்க சாமி, பாலை அடக்கிக்கும்" என்று செவத்தாள் வழியெல்லாம் அதட்டிக்கொண்டே நடந்தாள்.