பின்படியிலிருந்து ஒரு ரைட்டு

குரு என்றால் காவிதான் கட்டியிருக்க வேண்டுமா என்ன? இந்தக் கதையில் வருகிறவர் காக்கிச் சட்டைக்காரர். பேர் மரியசூசை. டவுன் பஸ் டிரைவர்.

அவரிடம் தொழில் பழகியவள் பூங்கோதை. நாற்பது வயசு. கண்டக்டராக இருந்த புருஷன் செத்துப்போக, அந்த வேலை இவளுக்கு வந்தது. பையை மாட்டிப் பத்து நாள்தான் ஆகிறது.

அன்றைக்கு மில் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் "ரைட்டு" என்றாள் பூங்கோதை. பஸ் நகர்ந்தது. பின்படியில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால் என்று நின்ற பெரியவர் கீழே விழுந்தார். முழங்கை தேய்ந்து ரத்தம்.

"யோவ் டிரைவரு, கண்ண வீட்லயே வச்சிட்டு வந்தியா?" பஸ்ஸே கத்தியது.

மரியசூசை ஓடிவந்து பெரியவரைத் தூக்கினார். துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். "தப்புதான் ஐயா, மன்னிச்சுக்குங்க" என்றார்.

பூங்கோதை பைக்குள் குனிந்து சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசி ஸ்டாப் வந்தது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, நான் மட்டுமா அந்த வார்த்தையச் சொல்றேன்? டீக்கடைக்காரரு 'ரைட்டு, ஒரு டீ'ங்கிறாரு. எம் மாமியா சண்டை போட்டு ஓய்ஞ்சா 'ரைட்டு, விடு'ங்குது. எம் மவன் எதச் சொன்னாலும் 'ரைட்டும்மா'ங்கிறான், செஞ்சாத்தானே! எழவு வீட்லகூட 'ரைட்டு, தூக்கலாமா'ன்னுதான் கேக்குறாங்க. அதுக்கு என்னதாண்ணே அர்த்தம்?"

"ஒங்க மாமியா ஓய்றதும் உண்டா? குடுத்து வச்சவதான் நீ" என்று சிரித்தார் மரியசூசை. "வா, என் சீட்டுல உக்காரு."

"ஐயோ, எனக்கு ஓட்டத் தெரியாதுண்ணே!"

"இஞ்சின் ஆஃப்ல கெடக்கு. சும்மா உக்காரு."

உட்கார்ந்தாள். அடுத்த நடைக்கு ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். மரியசூசை கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பக்கம் போனார். பூங்கோதை கண்ணாடியைப் பார்த்தாள். தலைகள் தெரிந்தன. ஒரு கீரைக் கட்டு தெரிந்தது. யாரோ ஒருத்தர் முதுகு தெரிந்தது.

"ரைட்டு!" பின்னாலிருந்து சத்தம் வந்தது.

அவள் அசையவில்லை.

"என்னம்மா, வண்டிய எடுக்க வேண்டியதுதானே?"

"எப்படிண்ணே எடுக்கிறது? படியே தெரியலையே."

"அதான் நான் சொல்லிட்டேனே."

"சொன்னீங்க..." மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். "இருந்தாலும் ஒரு தடவ எறங்கி வந்து பாத்துட்டு எடுக்கட்டாண்ணே?"

கூட்டத்துக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"நீ சொன்னப்ப, நான் ஒருநாளும் எறங்கிப் பாத்ததில்லையேம்மா."