சிக்னல் வந்தா அணையுற வண்டி

குரு, சிஷ்யன்னு ஆரம்பிச்சதுமே எல்லாரும் முதுகை நிமுத்தி உக்காந்துட்டீங்க பாருங்க. சாயுங்கப்பா. தாடி, ஆசிரமம், புலித்தோல் எதுவும் வராது. இந்தக் குருவுக்கு மீசையே இப்பத்தான் மொளைக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கு. பேரு ஜமீல். மதுரை வில்லாபுரத்துல கார் மெக்கானிக். சிஷ்யன் பூமிநாதனுக்குத் தலை பாதி நரைச்சாச்சு. லாரி ஓட்டி இடுப்பு போயி, புதுசாத் தொழில் கத்துக்க வந்தவரு. குரு சிஷ்யனை அண்ணேம்பாரு. சிஷ்யன் குருவை மேஸ்திரிம்பாரு. வாய் மட்டும் சிஷ்யனுக்குத்தான். ஒங்களுக்கு இருக்குற மாதிரியே, மூடாத வாய்.

ஒரு நாள் செல்வமேரி வந்துச்சு. கால் டாக்ஸி ஓட்டுற பொண்ணு.

"சிக்னல்ல நின்னா வண்டி அணைஞ்சிருதுண்ணே. நேத்து கோரிப்பாளையத்துல பின்னாடி ஒருத்தன், 'கிளட்ச் மிதிக்கத் தெரியாததெல்லாம் வண்டி எடுத்துட்டு வந்துருச்சு'ங்குறான். உள்ள சவாரி உக்காந்துருக்கு."

"பின்னாடி நிக்குறவன் எல்லாத்துக்கும் ஒன் கிளட்ச் தெரியும்மா. அவன் கிளட்ச்தான் தெரியாது"ன்னாரு பூமிநாதன்.

அந்தப் பொண்ணு சிரிக்கல.

"அவன் சொன்னது சரிதாண்ணே. போன வாரந்தான் நீங்க சர்வீஸ் பண்ணிக் குடுத்தீங்க. வண்டியில என்ன இருக்கப் போகுது? என் கால்லதான் கோளாறு. சாயங்காலம் சாவியைக் கொழுந்தன்கிட்ட குடுத்துட்டு வீட்டோட இருந்துரலாம்னு இருக்கேன். கடைசியா ஒரு தடவ காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

பூமிநாதனுக்குச் சிரிப்பு பாதியில நின்னுச்சு. அவரு தனியாப் பண்ணுன மொதச் சர்வீஸ் அது.

ஜமீல் ஸ்கேனரை மாட்டுனாரு. நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, யாரும் தொடாம விட்டாரு. இன்ஜின் ஏறுது, எறங்குது, இருமுது.

"என்ன சொல்லுது மேஸ்திரி?"

"காத்து கூட இருக்கு, பெட்ரோல் பத்தலங்குது."

பூமிநாதன் தாவி உள்ள ஏறி ஆக்சிலேட்டரை மிதிச்சாரு. இருமல் போன எடம் தெரியல.

"பாத்தீங்களா? ரேஸ் குடுத்தா ராசா மாதிரி ஓடுது. ஸ்கேனரும் அடங்கிருச்சு. ஓட்டை கீட்டை இருந்தா ரேஸ்லயும் காட்டணும்ல? அதெப்படி நிக்கும்போது மட்டும் காட்டும்? சென்சாராத்தான் இருக்கும். மாத்திருவோம்."

ஓட்டைங்குற வார்த்தையை அதுவரைக்கும் அங்க யாரும் சொல்லல.

தூக்கு நெறைய டீ வந்துருந்துச்சு. ஜமீல் தண்ணி பாட்டில் மூடியில ஒரு மூடி தண்ணி புடிச்சு தூக்குல ஊத்துனாரு. ஒரு கிளாஸ் மொண்டு சிஷ்யன் கையில குடுத்தாரு.

"எப்படிண்ணே இருக்கு?"

"டீ மாதிரி இருக்கு. ஆச்சரியந்தான்."

கிளாஸ்ல ஒரு வாய் மிச்சம் இருக்கும்போது இன்னொரு மூடி தண்ணியை அதுல ஊத்துனாரு.

"இப்ப?"

"தூ. கழனித்தண்ணி."

"அதே மூடிதாண்ணே. ரேஸ்ல இன்ஜின் தூக்கு நெறைய காத்து குடிக்கும், நிக்கும்போது ஒரு வாய்தான்."

பூமிநாதன் கிளாஸையே பாத்தாரு.

ஜமீல் ஒரு ஸ்ப்ரே கேனைக் கையில குடுத்தாரு. கார்ப் கிளீனர். காத்து திருட்டுத்தனமா உள்ள போற எடத்துல அதை அடிச்சா, அதையும் சேத்துக் குடிச்சு இன்ஜின் சத்தம் மாறும்.

"தேடுங்க."

பூமிநாதன் தேடுனாரு. கையை விட வாய் வேகமா தேடுச்சு.

"இந்த ஜாயின்ட்டுல இல்ல. இங்கயும் இல்ல, மாமியா வீட்டுக்குப் போன மாப்ள மாதிரி கம்முனு இருக்கு. இந்த ஹோஸு? ம்ஹும். நல்ல குடும்பத்து ஹோஸு."

எல்லா எடத்துலயும் அடிச்சாரு, ஒரு எடத்தைத் தவிர. ஏர் ஃபில்டருக்குப் பின்னாடி, ஒல்லியா ஒரு ஹோஸ் வந்து சொருகுற பிளாஸ்டிக் மூக்கு. அதுல கறுப்பு டேப் சுத்தியிருந்துச்சு. யாரு சுத்துனதுன்னு பூமிநாதனுக்குத் தெரியும்.

"எங்கயும் இல்ல மேஸ்திரி. சென்சார்தான்."

"விடுங்கண்ணே"ன்னுச்சு செல்வமேரி. "எனக்காக எதுக்கு இம்புட்டு மெனக்கெடுறீங்க? நான் வண்டி எடுத்த அன்னைக்கே வீட்டுல சொன்னாங்க, இதெல்லாம் ஒனக்கு வராதுன்னு. சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

சாவியைத் திருப்பி எடுக்க ஜன்னல் வழியா கையை விட்டுச்சு.

"கொஞ்சம் இரும்மா"ன்னாரு ஜமீல். அப்புறம் சிஷ்யனைப் பாத்தாரு. டேப்பைப் பாக்கல.

"கேன்ல இன்னும் இருக்குண்ணே."

பூமிநாதன் வாயைத் தொறந்தாரு. ஒண்ணும் வரல. அவரு வாழ்க்கையிலயே அப்படி ஆனதில்ல.

குனிஞ்சு, அந்த டேப்பு மேல அடிச்சாரு.

இருமல் நின்னுச்சு. யாரு காலும் படாம இன்ஜின் கொஞ்சம் ஏறி, ஒரே சீரா ஓடுச்சு. வெரலை எடுத்தாரு. மறுபடியும் இருமுச்சு.

பூமிநாதன் நிமுந்து, குருவைப் பாக்காம செல்வமேரியைப் பாத்தாரு.

"ஒன் கால்ல ஒரு கோளாறும் இல்ல தாயி. சர்வீஸ் அன்னைக்கு இந்த மூக்கை ஒடச்சது நானு. டேப்பைச் சுத்தி மறைச்சு, நல்லா இருக்கு, ஓட்டுன்னு ஒங்கிட்ட குடுத்ததும் நாந்தான்."